ஒரு துண்டும் ஆறு பைகளும்

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குற்றாலம் ஐந்தருவிக்குப் பக்கத்தில் இருக்கிற சுற்றுச்சூழல் பூங்காவுக்குப் போய் முக்கால் மணி நேரம் நடந்துவிட்டு வருவது என்று எங்கள் வீட்டில் முடிவானது. முடிவானது என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன்; அது முடிவாவதற்கு புதன்கிழமை ராத்திரி தொடங்கி சனிக்கிழமை ராத்திரி வரை ஆயிற்று. பெங்களூருவிலிருந்து வந்திருந்த மகன் இதற்கென்றே ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தான். குழுவில் ஐந்து பேர், ஐந்து பேரும் எங்கள் ஊரான வடகரையில் ஒரே வீட்டுக்குள் இருந்தோம். திண்ணையில் உட்கார்ந்திருந்த எனக்கு அடுப்படியிலிருந்து மருமகள், "மாமா, உங்க ஷூ சைஸ் என்ன?" என்று செய்தி அனுப்பினாள். நான் பதில் அடித்துக்கொண்டிருக்கும்போதே அவள் காபியோடு வந்து என் பக்கத்தில் நின்றாள். நேரில் கேட்டிருக்கலாமே என்றால், குழுவில் இருந்தால் பதிவாக இருக்கும் மாமா என்றாள். சரிதான். எங்கள் காலத்தில் எதுவுமே பதிவாகவில்லை, அதனால்தான் நான் இப்போது இஷ்டத்துக்கு எழுத முடிகிறது.

1976 என்று நினைக்கிறேன். எனக்குப் பதினேழு வயது. அப்போது குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள எங்களிடம் ஒரே ஒரு கருவிதான் இருந்தது: செங்கோட்டையிலிருந்து வருகிற பஸ். சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அந்த பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களின் தலையைப் பார்ப்போம். யாராவது ஒருத்தர் தலை ஈரமாக, கண் சிவப்பாக, கழுத்தில் பிழிந்த துண்டோடு இறங்கினால் போதும். "அண்ணாச்சி, தண்ணி விழுதா?" என்று ஒருத்தன் கேட்பான். "விழுதுல, சும்மா அள்ளிக்கிட்டு விழுது" என்பார் அவர். அவ்வளவுதான். எங்கள் கண்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும், திட்டம் முடிந்துவிடும். மறுநாள் விடிகாலை மூன்று மணிக்கு நாலு பேர், ஆளுக்கு ஒரு துண்டு, நாலு பேருக்கும் சேர்த்து ஒரு தூக்குவாளியில் புளிச்சோறு. பண்பொழி, செங்கோட்டை, பார்டர், குற்றாலம் என்று நடந்தே போவோம். பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. கிலோமீட்டரை யார் எண்ணினார்கள்? பஸ்ஸுக்குக் காசு இல்லாமல் இல்லை, ஆனால் பஸ்ஸில் போனால் பார்டரில் பரோட்டா தின்ன முடியாது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். அந்த எல்லைக்கோடு அழிந்து இருபது வருஷம் ஆகியும் 'பார்டர்' என்ற பெயர் மட்டும் பரோட்டா வாசனையோடு பிரானூரில் நின்றுவிட்டது. இன்னும் நிற்கிறது. இரண்டு ராஜ்யங்களுக்கு நடுவில் இருந்த எல்லையைவிட சால்னா உறுதியானது என்று அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அந்த நடையை நாங்கள் நடை என்று சொன்னதில்லை. 'குத்தாலத்துக்குப் போறோம்' என்போம், போவது மட்டும்தான் கணக்கு, கால் என்பது போவதற்கு இருக்கிற சாமான். 'வாக்கிங்' என்பது வேறு ஜாதிக் காரியம். சீசனுக்கு பங்களா எடுத்துத் தங்குகிற பெரிய மனிதர்கள், கம்பளி மப்ளரும் கைத்தடியுமாக, வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, எங்கேயும் போகாமல், எதையும் வாங்காமல், அதே ரோட்டில் போய் அதே ரோட்டில் திரும்பி வருவார்கள். எங்களுக்கு அது பெரிய வேடிக்கை. ஒரு தடவை அப்படி வந்த ஒரு பெரியவரின் பின்னால் நாங்கள் நாலு பேரும் அவரைப் போலவே கையை வீசி வீசி நடந்து காட்டினோம். அவர் திரும்பிப் பார்த்தார், கோபப்படவில்லை, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நடையைத் தொடர்ந்தார். இப்போது என் மணிக்கட்டில் இருக்கிற கடிகாரம், ஒரு மணி நேரம் நான் அசையாமல் உட்கார்ந்திருந்தால் நடுங்கி எழுப்புகிறது. அந்தப் பெரியவரின் சாபம் ஐம்பது வருஷம் நடந்து வந்து என் கையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

மகன் போட்ட திட்டத்தின் மூலஸ்தானம் பெங்களூரு லால்பாக். இரண்டு வருஷத்துக்கு முன் அவன் வீட்டில் தங்கியிருந்தபோது என்னை அங்கே அழைத்துப் போனான். 1760ல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம், இப்போது 240 ஏக்கர். நாலு பக்கம் வாசல். "எந்த வாசல்ல நுழையணும்னு மொதல்ல முடிவு பண்ணணும்ப்பா, இல்லேன்னா கார் ஒரு பக்கம் நாம ஒரு பக்கம் மாட்டிக்குவோம்" என்றான். ஊரில் கோயிலுக்கு நாலு வாசல் இருந்தாலும் செருப்பை விட்ட வாசலில் வந்து சேருகிற எனக்கு இது புதிது. 1889ல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகைக்குப் பத்து நிமிஷம், ஏரிக்கரைக்குப் பதினைந்து நிமிஷம், கெம்பே கவுடா கோபுரம் நிற்கிற பாறைக்கு ஏழு நிமிஷம் என்று ஒதுக்கியிருந்தான். அந்தப் பாறைக்கு வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டு என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. 300 கோடி ஆண்டுக்கு ஏழு நிமிஷம். பாறை ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பதரைக்கு அவனுக்கு ஆபீஸ் மீட்டிங் இருந்தது, அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அவ்வளவு பெரிய நகரத்தில் அவ்வளவு பெரிய பூங்காவில் ஒரு சின்ன நடை நடக்கத் திட்டம் வேண்டும்தான். ஆனால் அதே திட்டத்தை அவன் அப்படியே மடித்துப் பெட்டியில் வைத்து ஊருக்கும் கொண்டுவருவான் என்று நான் நினைக்கவில்லை.

நம் ஐந்தருவிப் பூங்கா ஏறத்தாழ 37 ஏக்கர். தோட்டக்கலைத் துறை நடத்துகிறது. சாரல் திருவிழாச் சமயத்தில் மலர்க் கண்காட்சியும் அங்கேதான் வைக்கிறார்கள். எங்கள் பதினேழு வயதில் அந்தப் பக்கம் எங்களுக்கு வெறும் காடு, ஐந்தருவிக்குப் போகிற வழியில் சிறுநீர் கழிக்க ஒதுங்குகிற இடம். இப்போது பாதை போட்டு, பெஞ்சு போட்டு, குழந்தைகளுக்கு ஊஞ்சல் போட்டு, டிக்கெட்டும் போட்டிருக்கிறார்கள். அங்கே முக்கால் மணி நேரம் நடக்க என் மகன் சேகரித்த தகவல்கள் இவை: பூங்கா எத்தனை மணிக்குத் திறக்கிறது, கார் எங்கே நிறுத்துவது, எந்தப் பாதையில் ஏற்றம் குறைவு, குரங்கு எந்தப் பக்கம் அதிகம், மழை எத்தனை மணிக்கு, எத்தனை சதவீதம். கடைசி விவரத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆடி மாதத்துக் குற்றாலத்தில் மழைக்கு சதவீதம் கேட்பது, கல்யாண வீட்டில் சொந்தக்காரர் வருவதற்கு வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று கேட்பது போல. மலையாளக் கரையில் அடிக்கிற தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாயில் ஒரு இடுக்கு கிடைத்து இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது, அதனால்தான் தமிழ்நாட்டில் பாதிக்கு மேல் வெயிலில் காய்கிற ஜூன், ஜூலையில் நமக்குச் சாரல். அந்தச் சாரல் எந்த நிமிஷம் வரும் என்று அதற்கே தெரியாது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பன்னீர்ச் சொம்பு தெளித்த மாதிரி முகத்தில் விழும், துடைப்பதற்குள் நின்றுவிடும்.

எத்தனை அடி நடப்பது என்பதும் திட்டத்தில் இருந்தது. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி என்பது மகனுக்கு வேதவாக்கு. அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு மறு வருஷம் ஜப்பானில் ஒரு கம்பெனி இடுப்பில் மாட்டுகிற நடைமானி ஒன்றை விற்பனைக்கு விட்டதாம், அதற்கு 'பத்தாயிரம் அடிமானி' என்று பொருள்படும் பெயரை வைத்ததாம், பெயர் நன்றாக இருந்ததால் அதுவே ஆரோக்கிய விதியாகிவிட்டதாம். அதாவது நாம் எல்லோரும் ஒரு விளம்பரத்துக்குள் நடந்துகொண்டிருக்கிறோம். இதை மகனிடம் சொன்னேன். "இருந்தாலும் நடக்கது நல்லதுதானப்பா" என்றான். விதி எங்கிருந்து வந்தால் என்ன, என் சர்க்கரை அதனால் இறங்கியிருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருக்கும், சிரிக்காதீர்கள். சனிக்கிழமை ராத்திரி கூடத்தில் பைகளை வரிசையாக வைத்தோம். தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு பை, குடைகளுக்கு ஒரு பை, பேரனின் மாற்றுத்துணிக்கு ஒன்று, மாத்திரை, கொசு களிம்பு, சானிடைசர், பவர் பேங்க் எல்லாம் ஒன்று, இட்லியும் மிளகாய்ப்பொடியும் ஒன்று, அப்புறம் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு வர வெறும் பை ஒன்று. ஆறு. நாலு பேர் நாலு துண்டோடு பதினைந்து கிலோமீட்டர் போன அந்த நடையை நினைத்து, இதுதான் சமயம் என்று நான் ஆரம்பித்தேன். "எங்க காலத்துல ஒரு திட்டமும் கிடையாது. தோணுச்சா, துண்டத் தூக்கித் தோள்ல போட்டமா, கிளம்பினமா, அவ்வளவுதான்." பேரன் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தான். மருமகள் கூடக் கொஞ்சம் பொறாமையோடு பார்த்தாள். என் மனைவி இட்லித் துணியை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

மூன்று மணிக்கு இருட்டில் கிளம்பியதைப் பேரன் திரும்பத் திரும்பக் கேட்டான். திருமலைக்கோயில் குன்று இருட்டுக்குள் இன்னொரு இருட்டாக நிற்கும், வயலில் தவளைச் சத்தம் நாங்கள் கிட்டே போனால் நின்று, தாண்டியதும் மறுபடி ஆரம்பிக்கும், பண்பொழி தாண்டும்போது யாராவது ஒருத்தன் பேய்க்கதை எடுப்பான், எடுத்தவனே நடுவில் வந்து நடப்பான். "இப்ப நாமளும் அப்படிப் போலாமா தாத்தா?" என்றான். போக முடியாது. எங்கள் ஊர் மலையடிவாரத்துத் தென்னந்தோப்பிலும் வாழைத் தோட்டத்திலும் இப்போது யானை இறங்குகிறது. எந்தத் தோப்பில் நிற்கிறது என்று வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. யோசித்துப் பார்த்தால், தோன்றியது, கிளம்பியது என்று ராத்திரியில் பத்து மைல் நடக்கிற பழைய வடகரைக்காரர் இன்று யானை ஒன்றுதான். அதற்கும் நாம்தான் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆறரைக்குக் கிளம்ப வேண்டிய கார் எட்டு பத்துக்குக் கிளம்பியது. பண்பொழியில் ஒரு தடவை நின்றோம், குடைப்பை வரவில்லை என்று சந்தேகம். இறங்கிப் பார்த்தால் குடைப்பையின் மேல்தான் பேரன் உட்கார்ந்திருந்தான். போகிற வழியெல்லாம் மகன் போனில் பேரருவியைக் காட்டினான். நேரலை. தண்ணீர் அள்ளிக்கொண்டு விழுந்தது, யாரும் குளிக்கவில்லை, வெள்ளம் அதிகம் என்று தடை போட்டிருந்தார்கள். அந்த ஈரத்தலை அண்ணாச்சி எனக்கு ஞாபகம் வந்தார். அவர் சொன்ன செய்தியில் இந்தத் தெளிவு கிடையாது. ஆனால் அவர் தலையிலிருந்து சொட்டிய அருவித் தண்ணீர் ஒரு சொட்டு டீக்கடை பெஞ்சில் விழும், அதை நாங்கள் தொட்டுப் பார்ப்போம்.

தடையைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு பையனை அடித்துக்கொண்டு போயிற்று, வயது பதினேழு. அதே பதினேழில்தான் நாங்கள் பேரருவி கலங்கி விழும்போது ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் கொடுத்தோம், பிறகு மலைமேல் செண்பகாதேவி அருவிக்கு ஏறினோம், பாறையிலிருந்து தடாகத்துக்குள் குதித்தோம். அதைத் தைரியம் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். மலையில் மழை எங்களுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொண்டது என்பதுதான் விஷயம். இப்போது செண்பகாதேவிக்கு நினைத்தபோது ஏற முடியாது, வனத்துறை விடாது. எண்ணெயும் அப்படித்தான். அன்று காசு உள்ளவர்கள் எண்ணெய் தேய்த்துவிட ஆள் வைத்துக்கொள்வார்கள், எங்களைப் போன்றவர்கள் ஒருத்தன் முதுகில் ஒருத்தன் தேய்த்துக்கொண்டு, சீயக்காயும் சோப்புமாக அருவியில் நிற்போம். கீழே ஓடுகிற தண்ணீரில் எண்ணெய் படர்ந்து ஏழு நிறம் காட்டும், அதைப் பார்த்து நான் ஒரு கவிதை கூட எழுதினேன். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு எல்லாவற்றுக்கும் தடை போட்டபோதுதான் என் கவிதையில் வந்த வானவில் வெறும் அழுக்கு என்று எனக்குத் தெரிந்தது. கவிதையைக் கிழித்துப் போட்டேன். அருவிக்கு நல்லது, தமிழுக்கும் நல்லது.

பூங்காவுக்குள் நுழைந்தோம். மகன் திட்டப்படி இடது பக்கப் பாதை. முதல் வளைவிலேயே சின்ன ஓடை ஒன்று கல்லுக்குக் கல் தாவிக்கொண்டு போனது. பேரன் குனிந்தான். ஓரத்தில் ஈரப்பாசி பிடித்த கல்லில் ஒரு தவளை, கட்டைவிரல் அளவு, தொண்டையை மட்டும் அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இவன் மூச்சு விட்டால் அதன் தொண்டை நிற்கும், இவன் மூச்சை அடக்கினால் அது அசைக்கும். இரண்டு பேரும் இப்படியே இருபது நிமிஷம். மகன் கடிகாரத்தைப் பார்த்தான், ஏற்றப் பாதையைப் பார்த்தான், கடைசியில் அவனும் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். அப்போது சாரல் விழுந்தது. போன் சொன்ன நேரத்துக்கு முக்கால் மணி முன்னால். குடைப்பை காரில் இருந்தது.

எல்லோரும் ஓடிப்போய் ஒரு கூரையடியில் நின்றபோது நான் மறுபடி ஆரம்பித்தேன். "எங்க காலத்துல கொடையாவது ஒண்ணாவது. துண்டுதான் எல்லாம். கையில ஒரு தூக்குவாளி, அதுல புளிச்சோறு…"

"அந்தப் புளிச்சோற யாரு கிண்டுனா?" என்றாள் என் மனைவி.

அம்மா கிண்டினாள் என்றேன்.

"எத்தன மணிக்கு எந்திச்சா?"

நான் கணக்குப் போட்டேன். மூன்று மணிக்கு நாங்கள் கிளம்பினோம் என்றால் சோறு ஆறி, பிசைந்து, வாளியில் ஏறியிருக்க வேண்டும். ஒன்றரைக்காவது எழுந்திருப்பாள். புளி முந்தின ராத்திரியே ஊறியிருக்க வேண்டும். அதாவது டீக்கடையில் எங்கள் கண்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்ட அந்த நேரத்துக்குப் பிறகு, நான் வீட்டுக்கு வந்து 'நாளைக்குக் குத்தாலம் போறோம்மா' என்று சொல்லிவிட்டுப் படுத்த பிறகு, ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது. துண்டு துவைத்து உலர்ந்து ஆணியில் தொங்கியதும் அந்தத் திட்டத்தில்தான் இருந்திருக்கும். ஐம்பது வருஷமாக இந்தக் கதையைச் சொல்லி வருகிறேன், தூக்குவாளி எப்போதும் நிறைந்தே வருகிறது, அதை நிறைத்த கை ஒரு தடவையும் வரவில்லை.

"நானும் எத்தனையோ தடவ குத்தாலம் வந்துருக்கேன்" என்றாள் அவள், சாரலைப் பார்த்துக்கொண்டே. "நீங்க எல்லாரும் குளிச்சிட்டு வாறவரைக்கும் துணிக்கும் டிபனுக்கும் காவலு. கொரங்கு வந்தா வெரட்டணும். அப்புறம் அவசர அவசரமா தலையக் காட்டிட்டு ஓடியாரணும், பஸ்ஸு போயிரும்னு. நடக்கதுக்குன்னு வந்தது இன்னைக்குத்தான்."

யாரும் ஒன்றும் பேசவில்லை. இதற்கு என்ன சொல்வது? அந்த நாலு பேரில் ஒரு பெண் கிடையாது என்பதை இதுவரை நான் ஒரு குறையாக எண்ணியதே இல்லை. என் தங்கை அப்போது பதினாலு வயதில் வாசல்படியில் நின்று எங்களை வழியனுப்பினாளா, தூங்கிக்கொண்டிருந்தாளா என்பது கூட ஞாபகத்தில் இல்லை. பாதையும் பெஞ்சும் கழிப்பறையும் டிக்கெட்டும் வந்தபோது காடு போயிற்றே என்று நான் வருத்தப்பட்டேன். அவை வந்ததால்தான் இவள் இந்தப் பக்கம் ஒதுங்க இடம் தேடாமல், யாருக்கும் காவல் இருக்காமல் வர முடிந்திருக்கிறது.

சாரல் நின்றது. மகன் கடிகாரத்தைப் பார்த்து, திட்டப்படி இப்போது திரும்ப வேண்டும் என்றான். மனைவி கையிலிருந்த இட்லிப் பையை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். மருமகளும் மாத்திரைப் பையைக் கொடுத்தாள், சிரித்துக்கொண்டே. மனைவி சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகினாள். காலில் மருமகள் வாங்கிக் கொடுத்த வெள்ளை ஷூ, இரண்டு பக்கமும் சேறு. ஏற்றம் அதிகம் என்று மகன் விலக்கி வைத்திருந்த பாதையில் கையை வீசி வீசி நடக்க ஆரம்பித்தாள்.

"அத்தை, அந்தப் பக்கம் திட்டத்துல இல்லை" என்றாள் மருமகள்.

அவள் திரும்பவில்லை. பேரன் பின்னால் ஓடி, பாட்டி வீசுகிற மாதிரியே கையை வீசிக்கொண்டு நடந்தான். நான் பைகளைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு மூச்சு வாங்க ஏறினேன். மணிக்கட்டில் கடிகாரம் நடுங்கியது, இன்றைக்கு இலக்கை எட்டிவிட்டேன் என்று வாழ்த்தியது. அதில் பாதி அடி காலையில் காருக்கும் வீட்டுக்கும் பை தூக்கி நடந்தது என்பது அதற்கு எப்படித் தெரியும்.